இசட் டிரைவில் இருப்பது காப்புப்பிரதி அல்ல

காப்புப்பிரதி தவறாமல் எடுத்து வருவதாகச் சொல்லும் நண்பர்களின் வீட்டுக் கணினியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்து வைத்திருந்த அதே ஏற்பாடு அச்சு மாறாமல் கண்ணில் படுகிறது. எளிய கடவுச்சொல், புதுப்பிக்காத விண்டோஸ் போன்ற தவறுகள் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எப்போதும் இணைந்தே இருக்கும் டிரைவ்

ரௌட்டருக்கு அருகில் ஒரு நாஸ் பெட்டியை, அதாவது வீட்டு நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டியை வைத்து, அதன் கோப்புறையை விண்டோஸில் இசட் டிரைவாக இணைத்து, கடவுச்சொல்லையும் அதிலேயே சேமித்து, இரவுதோறும் நகலெடுக்கச் செய்வது பெரும்பாலோர் வழக்கம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த கோப்பு ஒன்றை ஓர் இரவு திறந்தேன்; காலையில் கணினியில் இருந்த கோப்புகள் யாவும் முன்பின் கண்டிராத பின்னொட்டுடன் நின்றன. நகல்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் இசட் டிரைவைத் திறந்தால், அங்கும் அதே பின்னொட்டு. கோப்புறைக்கு ஒன்றாக, பணம் கேட்கும் கடிதம். மகளின் முதல் மூன்று ஆண்டுப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை, அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் தப்பிய நாற்பது சிறிய படங்கள் மட்டுமே.

இப்படிக் கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற நிரல், பூட்டை உடைத்து நுழைய வேண்டியதே இல்லை; நம் கணக்கின் உரிமையோடு இயங்குவதால், நாம் எழுதக்கூடிய இடமெல்லாம் அதுவும் எழுதும். நிர்வாகி உரிமை கிடைத்துவிட்டால், விண்டோஸ் தானாகச் சேமித்து வைக்கும் பழைய நிழல் பிரதிகளையும் முதல் வேலையாக அழித்துவிடும். பெட்டி வேறு என்பதால் நகலும் பத்திரம் என்று இன்றும் சிலர் வாதிடும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

கணினி நாஸுக்குள் எழுதுவதற்குப் பதிலாக, நாஸே கணினியிலிருந்து கோப்புகளை இழுத்துக்கொள்ளுமாறு அமைக்க வேண்டும். அது முடியாவிட்டால், காப்புப்பிரதிக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லைக் காப்பு மென்பொருளுக்கு மட்டும் கொடுத்து, கோப்புகள் அந்தந்த நேரத்தில் இருந்த நிலையை அப்படியே காத்து வைக்கும், மாற்றியெழுத முடியாத ஸ்னாப்ஷாட்டுகளையும் நாஸில் இயக்கி வைக்கலாம்; நாஸின் நிர்வாகிக் கடவுச்சொல் மட்டும் எந்தக் கணினியிலும் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. இவற்றோடு, இரண்டு யூஎஸ்பி ஹார்டு டிஸ்குகளை வாரம் ஒன்றாக மாற்றிச் செருகி, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கிறேன். கழற்றிய டிஸ்கை எந்த நிரலாலும் தொட முடியாது.

ரெய்டு

நாஸில் உள்ள இரு டிஸ்கிலும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு 1 ஏற்பாடு, ஒரு டிஸ்க் பழுதானால் காக்கும். நாம் அழித்ததை இரு டிஸ்கிலும் சேர்த்தே அழிக்கும்.

நாஸை இணையத்துக்குத் திறந்து விடுதல்

வெளியூரிலிருந்து படம் பார்க்கும் வசதிக்காக ரௌட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து நாஸுக்கு வரும் வழியைத் திறந்து வைப்பவர்கள், 2021 ஜூனில் நடந்ததை நினைவில் கொள்ள வேண்டும். 2015க்குப் பின் புதுப்பிப்பே வராத வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் பெட்டிகள் இணையவழியே தாக்கப்பட்டு, பலருடைய கோப்புகள் ஒரேயடியாக அழிந்தன. வெளியிலிருந்து அணுகத்தான் வேண்டுமென்றால், வீட்டு நெட்வொர்க்குக்குக் குறியாக்கம் செய்த தனி வழி அமைக்கும் விபிஎன் வழியாக மட்டும் அணுகுங்கள்.

மீட்டுப் பார்க்காமல் இருத்தல்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு கோப்புறையையாவது வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டுதல்

குறியாக்கம் செய்த காப்புப்பிரதியின் கடவுச்சொல்லை அதே கணினியில் மட்டும் எழுதி வைத்தால், கணினி போகும் நாளில் அதுவும் சேர்ந்தே போய்விடும். என்னுடையது ஒரு தாளில் எழுதப்பட்டு, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் இருக்கிறது.