கட்டையைப் பலகைகளாக அறுக்கப் பேண்ட்சா பிளேடைத் தேர்ந்தெடுப்பது

தடித்த கட்டையை நிமிர்த்தி வைத்து பேண்ட்சாவில் (சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பட்டை ரம்ப இயந்திரம்) மெல்லிய பலகைகளாக அறுக்கும்போது, பிளேடில் முதலில் பார்க்க வேண்டியது அகலத்தை அல்ல, பற்களின் எண்ணிக்கையை என்பதே என் கருத்து. 6 அங்குல உயரமுள்ள கட்டையில் ஒரே நேரத்தில் பல பற்கள் மரத்துக்குள் இருப்பதால், அவை சீவும் தூள் முழுவதையும் பற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களே சுமந்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. பற்கள் நெருக்கமாக இருந்தால் பள்ளங்கள் விரைவில் நிரம்பி, பிளேடு சூடேறி, வெட்டு நேர்கோட்டை விட்டு விலகிவிடும். ஆகவே அங்குலத்துக்கு 2 முதல் 3 பற்கள் கொண்ட, கொக்கி போல் முன்சாய்ந்த பல்லமைப்புள்ள பிளேடே பொருத்தமானது. அறுத்த முகம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்; எப்படியும் இழைக்கத்தானே போகிறோம்.

அகலமான பிளேடு எளிதில் வளையாது என்பது உண்மைதான். ஆனால் இயந்திரத்தால் போதிய இழுவிசை கொடுக்க முடியாத அகலத்தால் பயனில்லை. 14 அங்குலச் சக்கரமுள்ள சிறிய இயந்திரத்தில், விவரக்குறிப்பு முக்கால் அங்குலம் வரை அனுமதித்தாலும், நன்கு இழுத்துக் கட்டிய அரை அங்குலப் பிளேடே பெரும்பாலும் நேராக அறுக்கும். பிளேடின் தடிமனையும் கவனிக்க வேண்டும். தடிமனான எஃகு சிறிய சக்கரத்தில் திரும்பத் திரும்ப வளைந்து விரிசல் விடும்.

தேக்கு போன்ற, மணல்சத்து கலந்த மரங்களை அடிக்கடி அறுப்பவர்களுக்குக் கார்பைடு முனைப் பிளேடு (பல் முனைகளில் எஃகைவிடக் கடினமான கார்பைடு பதித்தது), விலை கூடுதலானாலும், நெடுநாள் கூர்மையுடன் உழைக்கும்.