சித்தப்பாவிடம் டவர் பற்றிப் பேசுவது எப்படி?

"செல்போன் டவரால கேன்சர் வருமாமே?" என்று சித்தப்பா கேட்டதும், "அதெல்லாம் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். இயற்பியல் படித்தவள் என்ற நினைப்பு. அதன்பின் இரண்டு மாதம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தவறு என்னுடையது.

பதில் சொல்வதற்கு முன், பயம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அடுத்த முறை கேட்டேன். பேத்தி தூங்கும் அறைக்கு நேரெதிரே டவர். வைப்பதற்கு முன் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆக, இரண்டு கேள்விகள்: இது உடம்புக்குக் கெடுதலா? எங்களைக் கேட்காமல் வைத்தது நியாயமா? இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்.

முதலாவதற்கு அறிவியலில் பதில் உண்டு. எக்ஸ்ரேவுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் இருக்கிறது, டி.என்.ஏ.வை அது சிதைக்கும். டவரின் ரேடியோ அலைக்கு அந்த ஆற்றல் கிடையாது. அளவு மிகுந்தால் திசுவைச் சூடாக்கும், ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் செறிவு கால்வாசியாகிவிடும். காதோடு ஒட்டிப் பேசும் போனிலிருந்து உடம்பில் ஏறுவதுதான் பொதுவாக அதிகம்.

"உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சே" என்று போனை நீட்டினார். இந்த இடத்தில் "பொய்" என்று சொல்லிவிடாதீர்கள், அதில் பாதி உண்மை. அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில், அதாவது 'காரணமாக இருக்கக்கூடும்' என்ற வரிசையில் சேர்த்தது. அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பது வேறு கணக்கு. புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே முதல் பிரிவில்தான் இருக்கின்றன; இரண்டும் சம ஆபத்து என்று யாரும் சொல்வதில்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். "ஆதாரம் இல்லை" என்றால் கேட்பவர் காதில் "யாரும் பார்க்கவே இல்லை" என்று விழுகிறது. "பல வருஷமா தேடிப் பார்த்தாங்க சித்தப்பா, உறுதியா எதுவும் கிடைக்கலை, இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க" என்றேன். முகம் தளர்ந்தது. இதையெல்லாம் நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகப் பேசுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் படிப்பில் பதில் இல்லை. அவர் கோபம் நியாயம் என்று சொன்னேன். அளவெடுத்துக் காட்டச் சொல்லி இருவருமாக மனு எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'கதிர்வீச்சு' என்று எழுதப் போனபோது தடுத்தார். "ரேடியோ அலைன்னே போடு."