பழைய ஆம்ப்ளிஃபையர்: வாங்கும்போது பார்க்க வேண்டியதும் கெப்பாசிட்டர் மாற்றும் முறையும்

மார்த்தாண்டம், களியக்காவிளை, குளச்சல் வட்டாரத்தில் வளைகுடாவுக்குப் போய்வந்தவர்கள் 1970-களிலும் 80-களிலும் கொண்டுவந்த சான்சுய், பயோனியர், அக்காய் ஆம்ப்ளிஃபையர்கள் இன்னும் பரணிலும் ஆக்கர் (பழைய பொருள்) கடையிலும் கிடக்கின்றன. நல்லதைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்குப் போதும். மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் கடையில் கிடைக்கும், அந்த மாடலுக்குரிய டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. வீங்கிய கெப்பாசிட்டரைக் கண்டு பின்வாங்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரில் வார்னிஷ் கருகிய வாடை வந்தால் விலையே பேச வேண்டாம்.

கடைக்குப் போகும்போது மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். பவர் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு முனைகளுக்கிடையே அளந்தால் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (மெயின்ஸ் பக்கத்து) சுற்று அறுந்திருக்கலாம். அடுத்து பிளக் முனைக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே அளங்கள். அங்கே தொடர்பு இருந்தால் அந்தப் பெட்டி ஷாக் அடிக்கும்.

மூடியைத் திறக்க விட்டால் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) உள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர்களைப் பாருங்கள். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஏறத்தாழ பூஜ்யம் காட்டினால் அது ஷார்ட். அந்த டிரான்சிஸ்டர் நம்பர்களில் போலி நிறைய புழங்குவதால் விலையைக் குறைத்தே கேளுங்கள். தனி டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் எஸ்.டி.கே. என்ற ஒரே அவுட்புட் ஐ.சி. உள்ள செட்டில் ஐ.சி. போயிருந்தால் வாங்காமல் விடுவதே மேல். கடலோர வீட்டில் இருந்த செட் என்றால் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கும். ஹீட்சிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் துடைத்துவிடலாம். போர்டின் செப்புத் தடங்களில் பச்சை பரவியிருந்தால் ஒவ்வொரு தடமாகச் சரிபார்க்க நாள்கணக்கில் ஆகும்.

பின்பக்கத்து வோல்டேஜ் செலக்டரை மறக்காமல் பாருங்கள். அந்தக் காலத்தில் சவூதியில் 127 வோல்ட் மின்சாரமும் இருந்ததால், அங்கிருந்து வந்த செட் 110 அல்லது 120-இல் நிற்கக்கூடும். அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மரே செத்துப்போகலாம். 240 நிலை இருந்தால் அதிலேயே வையுங்கள்.

கடைக்காரர் "போட்டுக் காட்டுறேன்" என்று நேராகப் பிளக்கில் செருக விடாதீர்கள். பல வருடம் கிடந்த செட்டை முதல்முறை சீரிஸ் பல்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரு பலகையில் பல்பு ஹோல்டர், சாக்கெட் இரண்டையும் பொருத்தி, ஃபேஸ் வயர் பல்பு வழியாகச் சாக்கெட்டுக்குப் போகும்படி இணையுங்கள். பழைய இழை பல்புதான் வேண்டும், 60 அல்லது 100 வாட். எல்.இ.டி. உதவாது. செட்டை ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள்.

இனி கெப்பாசிட்டர். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகடும் திரவத்தில் ஊறிய காகிதமும் சுருண்டிருக்கும். காலப்போக்கில் திரவம் வற்றும், உள் தடை ஏறும், கொள்ளளவு குறையும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பதால், ஹீட்சிங்கை ஒட்டியிருப்பவைதான் முதலில் போகும். ஹம் சத்தத்தைக் கேட்டே பழுது இருக்கும் இடத்தை ஊகிக்கலாம். வால்யூமைக் குறைத்தாலும் மாறாத 100 ஹெர்ட்ஸ் ஹம் என்றால் பவர் சப்ளையில் உள்ள பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களைச் சந்தேகியுங்கள். வால்யூமோடு ஏறி இறங்கினால் கோளாறு ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) பக்கம். பாஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) மெலிந்து ஒலித்தால் சிக்னல் பாதையில் உள்ள சிறிய கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கும்.

வாங்கும் பட்டியலை போர்டைப் பார்த்தே எழுதுங்கள். சர்வீஸ் மேனுவலுக்கும் போர்டுக்கும் சில இடங்களில் வேறுபாடு இருக்கும். மதிப்பு, வோல்ட், விட்டம், உயரம், கால் இடைவெளி ஐந்தையும் குறியுங்கள். பழைய உறையில் எம்.எஃப்.டி. என்றிருந்தால் அது மைக்ரோஃபாரட்தான். வோல்ட் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இரவில் 245 வந்தால், 38 வோல்ட் சப்ளை 42-ஐத் தாண்டும். அங்கே 50 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்தால் 63 வோல்ட்டாகப் போடுவது நிம்மதி. 85 டிகிரி வகை வேண்டாம், 105 டிகிரி வாங்குங்கள். ஃபில்டரின் கொள்ளளவு 20 சதவீதம் வரை கூடலாம். பாஸ் கூடும் என்று 6800 இருந்த இடத்தில் 22000 போட்டால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பாயும் மின்னோட்டத்தில், ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் டையோடும் பவர் சுவிட்சும் அடிவாங்கும்.

நிச்சிகான், பானசோனிக், ரூபிகான் நல்லவை. கண்ணூரில் தயாராகும் கெல்ட்ரானும் உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் நாகர்கோவில் கடையானாலும் உறை மாற்றிய போலி வரும். 10000 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் என்று எழுதிய டப்பா கையில் லேசாக இருந்தால் வாங்காதீர்கள், கெப்பாசிட்டர் மீட்டர் இருந்தால் அங்கேயே அளந்துவிடுங்கள். பி.பி. அல்லது என்.பி. என்று குறித்தவை பைபோலார், அதாவது பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாதவை. அந்த இடத்தில் பைபோலார்தான் போட வேண்டும். சிக்னல் பாதையில் 1 முதல் 4.7 மைக்ரோஃபாரட் வரையுள்ளவற்றுக்கு இடம் இருந்தால் பாலியெஸ்டர் ஃபிலிம் வகை போடலாம், அது வற்றவே வற்றாது. பவர் சுவிட்சின் குறுக்கே உள்ள சிறிய கெப்பாசிட்டர் மெயின்ஸில் நிற்பது, அங்கே மெயின்ஸுக்கென்றே செய்த எக்ஸ் 2 வகை, 275 வோல்ட் ஏ.சி. மட்டுமே.

தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஃபில்டரின் இரு முனைகளிலும் ஒரு நிமிடம் வைத்து, மீட்டரில் 1 வோல்ட்டுக்கும் கீழே வந்ததைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் தீப்பொறி பறக்கும், முனையும் கெடும்.

போர்டை நான்கு கோணத்தில் படம் எடுத்த பிறகே ஈயத்தில் கை வையுங்கள். புதிய கெப்பாசிட்டரின் உறையில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். போர்டிலோ சிலர் பிளஸ்ஸைக் குறிப்பார்கள், சிலர் நெகட்டிவ் பக்கத்தை நிழலிட்டிருப்பார்கள். மாறிப் போட்டால் சூடாகி வெடிக்கும். அதனால் ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் போட்டு, படத்தில் டிக் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்தையும் ஒரே மூச்சில் கழற்றுவதுதான் வழக்கமான தவறு.

சிறியவற்றுக்கு 25 வாட் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் 60/40 ஈயம். ஃபில்டரின் தடித்த கால்களுக்கு 60 வாட் வேண்டும். பழைய பழுப்பு போர்டில் அதிக நேரம் சூடு வைத்தால் செப்புத் தடம் பெயர்ந்துவிடும். கொஞ்சம் புதிய ஈயம் சேர்த்து உருக்கினால் பழையது சுலபமாக இளகும், பிறகு பம்பால் உறிஞ்சுங்கள்.

பெரிய கெப்பாசிட்டரைச் சுற்றிப் பழுப்பாக இறுகிய பசை இருந்தால் முழுவதும் எடுத்தாக வேண்டும். ஆலையில் வைத்தபோது வெளிர் நிறத்தில் இருந்த பசை அது. வருடக்கணக்கில் பழுத்து, ஈரத்தை இழுத்து, மின்சாரம் கடத்தத் தொடங்கும், பக்கத்து ரெசிஸ்டர், டையோடின் கால்களை அரிக்கும். நம் ஊர் ஈரத்தில் இது இன்னும் வேகம். மூங்கில் குச்சியால் சுரண்டி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அரித்த கால்கள் உள்ள பாகங்களையும் மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் புதிய கெப்பாசிட்டர் போட்டும் கரகரப்பு போகாது.

முதலில் பவர் சப்ளை, பிறகு ஒரு சேனல், கடைசியில் மற்றது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு ஸ்பீக்கர் இல்லாமல் சீரிஸ் பல்பில் ஏற்றுங்கள். வோல்டேஜ் குறைவதால் ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே அப்போது ஒட்டாமல் போகலாம், அது பழுதல்ல. பிளஸ், மைனஸ் சப்ளைகளின் வோல்டேஜ் அளவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். பல்பு மங்கலாகவே நின்றால் நேரடி மின்சாரத்தில் போட்டு, ஸ்பீக்கர் முனையில் டி.சி. அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் நல்லது. 100-ஐத் தாண்டினால் காரணம் தெரியும்வரை ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.

கடைசியாக பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டம். அரைமணி நேரம் சூடேறிய பிறகு எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே அளந்து, மேனுவலில் உள்ள அளவுக்குப் ப்ரீசெட்டை (போர்டில் உள்ள திருப்பும் சிறு ரெசிஸ்டர்) மெதுவாகத் திருப்புங்கள். 0.47 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 21 மில்லிஆம்பியர். ப்ரீசெட் பழையதாகி மீட்டர் அளவு துள்ளினால் அதையும் மாற்றிவிடுங்கள், அதன் தொடர்பு விட்டுப்போனால் சில சர்க்யூட்டில் அவுட்புட் டிரான்சிஸ்டரே எரியும். வால்யூமுக்கும் செலக்டருக்கும் கான்டாக்ட் கிளீனர் போட்டு இருபது முப்பது முறை திருப்புங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் வாரம் ஒரு முறையாவது செட்டை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே சேரும் ஈரம் அந்தச் சூட்டில் காய்ந்துவிடும்.