பழைய கணக்கு பிசகாமல் மொழியில் புது வசதி சேர்ப்பது எப்படி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. கமிஷன், கூலி, முன்பணப் பிடித்தம் எல்லாவற்றையும் கடைக்காரரே தன் வழக்கப்படி எழுதிக்கொள்ள, பில் மென்பொருளுக்குள் ஒரு சிறு கணக்கு மொழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காக அந்த மொழியில் ஸ்கிரிப்ட், அதாவது கணக்கு நிரல், எழுதிக்கொடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஸ்கிரிப்ட் மட்டும் தினமும் அதிகாலையில் ஓடிக்கொண்டே இருக்கும். மொழி பத்துக் கடைக்கானது என்றாலும் சரி, பைத்தான் அளவுக்குப் பெரியது என்றாலும் சரி, புது வசதி கேட்டு ஆள் வரும்போது பராமரிப்பவர் முதலில் காப்பாற்ற வேண்டியது இந்தப் பழைய ஸ்கிரிப்டைத்தான்.

மொழியில் கை வைக்கும் முன் ஸ்கிரிப்ட்களைச் சேகரியுங்கள். ரஸ்ட் மொழியில் இதற்கென்றே கிரேட்டர் என்ற கருவி உண்டு. பொதுவில் கிடைக்கும் ஏராளமான ரஸ்ட் தொகுப்புகளைப் புது கம்பைலரில் (எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஓட்டி, எது உடைகிறது என்று காட்டிவிடும். உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு ஸ்கிரிப்ட், ஒரு நாள் வரத்து விவரம், அன்று போட்ட பில் தொகை மூன்றையும் வாங்குங்கள். விவசாயிகளின் பெயர், போன் நம்பரை நீக்கிவிட்டு வையுங்கள். அந்த நாள் முகூர்த்த நாளாக இருக்கட்டும். மல்லி விலை எகிறும்போதுதான் பெரிய தொகைகளும், சாதாரண நாளில் தொடாத கணக்கு வரிகளும் வெளியே வரும். புது வெர்ஷனில் இவற்றை ஓட்டிப் பைசா வரை ஒப்பிட வேண்டும்.

அடுத்து, செய்யப்போகும் மாற்றம் எந்த வகை என்று பாருங்கள். இதுவரை எரர் கொடுத்த ஒன்றுக்குப் புதிதாகப் பொருள் கொடுப்பதில் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஓடியது எரர் கொடுத்து நின்றால் சத்தமாவது கேட்கும், போன் வரும். எரரும் இல்லாமல் விடை மட்டும் மாறுவதுதான் மோசம்.

தொகை = எடை * விலை
கமிஷன் = தொகை * 10 / 100

7 கிலோ, கிலோ 265 ரூபாய் என்றால் தொகை 1855. முழு எண்ணை வகுத்தால் பின்னத்தை வெட்டும் பழைய வெர்ஷனில் கமிஷன் 185. பின்னத்தோடு விடை தரும் புது வெர்ஷனில் 185.5. பில் வழக்கம்போல அச்சாகும், விவசாயி கைக்கு 50 பைசா குறையும். இதைவிடப் பெரிய வித்தியாசம், சில்லறையைத் தள்ள எழுதும் இந்த வரியில்:

தொகை / 10 * 10

பழையதில் 1850, புதியதில் 1855. வெட்டுவது மொழியின் குறை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்; எழுதியவரோ அதைத்தான் வசதியாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

பைத்தான் இதே மாற்றத்தைச் செய்த விதம் கற்றுக்கொள்ள வேண்டியது. 2001இல் 2.2 வெர்ஷனிலேயே முழு எண் வகுத்தலுக்கு // என்ற தனிக் குறியைக் கொடுத்தது. புது வகுத்தல் வேண்டும் என்பவர் ஃபைலின் தலையில் ஒரு இம்போர்ட் வரி எழுதினால் போதும். எல்லோருக்கும் மாறியது 2008இல், 3.0 வந்தபோதுதான். ஆனால் அதே 3.0இல் வேறொரு சிக்கல் வந்தது. பைத்தான் 2க்கு மட்டும் எழுதிய லைப்ரரி (பிறர் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்) 3இல் ஓடும் நிரலோடு சேராது. நம்பியிருக்கும் கடைசி லைப்ரரியும் மாறும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். 2015இல் முடிவதாக இருந்த 2.7இன் ஆதரவு 2020 ஜனவரி 1 வரை இழுத்தது.

ஆகவே மாற்றம் ஃபைல் ஃபைலாக நடக்க வழி வேண்டும். முதல் வரியில் 'பதிப்பு 2' என்று எழுதினால் புது விதி. அந்த வரியே இல்லையென்றால் என்றைக்கும் பதிப்பு 1. ரஸ்டின் 2015, 2018, 2021, 2024 எடிஷன்கள் இப்படித்தான் இயங்குகின்றன. வேறு வேறு எடிஷனில் எழுதிய தொகுப்புகள் ஒரே நிரலில் இணையும். கோ மொழியும் 2024இல் 1.22 வெர்ஷனில் ஃபார் லூப் வேரியபிளின் நடத்தையை மாற்றியபோது, மாட்யூல் ஃபைலில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று குறித்தவர்களுக்கு மட்டும் மாற்றியது.

பதிப்பு வித்தியாசம் பார்சரோடு, அதாவது ஸ்கிரிப்டைப் படித்து அதன் அமைப்பைக் கணுக்கள் கொண்ட மரமாக்கும் பகுதியோடு, நின்றுவிட வேண்டும். பதிப்பு 1 ஃபைலில் வரும் / குறியை 'பழைய வகுத்தல்' என்ற கணுவாகவும், பதிப்பு 2இல் 'வகுத்தல்' என்ற கணுவாகவும் மரத்தில் வையுங்கள். அதற்குப் பிறகு, மரத்தைப் பார்த்துக் கணக்கை ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் பதிப்பையே கேட்கக் கூடாது. ஓடும் நேரத்தில் ஒரு பொதுக் கொடியைப் பார்த்து முடிவு செய்தால், பதிப்பு 2 ஃபைல் பதிப்பு 1 ஃபைலின் ஃபங்ஷனை அழைக்கும்போது விடை புரண்டுவிடும். ஃபங்ஷன் எந்த ஃபைலில் எழுதப்பட்டதோ அந்தப் பதிப்பின் பொருள்தான் அதற்கு.

புது கீவேர்டு, அதாவது மொழி தனக்கென்று ஒதுக்கும் சொல், சேர்ப்பதில் தனிக் கவனம் வேண்டும். 'கழிவு 5%' என்று ஒரு வாக்கியம் சேர்க்க ஆசைப்படுவீர்கள். ஆனால் பாதிக் கடைகளில் 'கழிவு' ஏற்கெனவே வேரியபிள் பெயராக இருக்கலாம். 2018இல் பைத்தான் 3.7 அசிங்க் என்ற சொல்லை முழு கீவேர்டாக்கியபோது, அதைப் பெயராக வைத்திருந்த லைப்ரரிகள் உடைந்தன. 2021இல் 3.10இல் மேட்ச் என்ற சொல் வந்தபோது, இடம் பார்த்து மட்டும் கீவேர்டாகும்படி செய்தார்கள். ஜாவா 10இன் வார் என்ற சொல்லும் முழு கீவேர்டு அல்ல. அந்தப் பெயரில் வேரியபிள் இன்னும் வைக்கலாம். உங்கள் பார்சரில், வரியின் தொடக்கத்தில் 'கழிவு' வந்து அடுத்து எண் இருந்தால் மட்டும் கீவேர்டு. மற்ற எல்லா இடத்திலும் பெயர். அடுத்து அடைப்புக்குறியோ கழித்தல் குறியோ வரும்படி இலக்கணம் அமைக்காதீர்கள். 'கழிவு (5)' ஃபங்ஷன் அழைப்பா, 'கழிவு -5' கழித்தலா என்று பார்சரால் பிரிக்க முடியாது.

கீவேர்டே இல்லாமல் ஒரு ஃபங்ஷனாகக் கொடுக்க முடிந்தால் அதுவே நல்லது. அப்போதும் பயனர் அதே பெயரில் எழுதிய ஃபங்ஷன்தான் முன்னே நிற்க வேண்டும், உள்ளே நீங்கள் தருவது பின்னே. பெயர் மோதலால் 2018இல் ஜாவாஸ்கிரிப்டில் ஃப்ளாட்டன் என்று சேர்க்க இருந்ததை, மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி பயன்படுத்தும் தளங்கள் உடையும் என்பதற்காக, ஃப்ளாட் என்று மாற்றினார்கள்.

வாக்குக் கொடுக்காத விஷயத்தையும் பயனர்கள் நம்பிவிடுவார்கள். பட்டியலில் மல்லி, பிச்சி, முல்லை எந்த வரிசையில் அச்சாகும் என்று நீங்கள் எங்குமே சொல்லியிருக்க மாட்டீர்கள். கணக்குப்பிள்ளை அந்த வரிசையைப் பார்த்தே சரிபார்ப்பார். கோ மொழி மேப்பின் (பெயரையும் அதன் மதிப்பையும் சேர்த்து வைக்கும் அட்டவணை) வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போடுகிறது, யாரும் நம்பக் கூடாதென்று. பைத்தான் 3.7 அதே போன்ற அட்டவணைக்குச் சேர்த்த வரிசையையே உறுதி என்று அறிவித்துவிட்டது. கணக்கு மொழிக்குப் பைத்தானின் வழிதான் பொருத்தம்.

எதையாவது நீக்குவதானால் குறைந்தது 2 வெளியீடுகளுக்காவது வார்னிங் கொடுங்கள். வார்னிங்கில் வரி எண், பதிலாக எழுத வேண்டியது, நீக்கப்படும் வெர்ஷன் மூன்றும் இருக்க வேண்டும். அதை ஸ்கிரிப்ட் திருத்தும் இடத்தில் காட்டுங்கள், பில் திரையில் அல்ல. எதிரே விவசாயிகள் நிற்க, கல்லாவில் இருப்பவர் அதை மூடுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. தானாகத் திருத்தித் தரும் கருவியும் கொடுத்தால், அது மூல எழுத்தில் மாற வேண்டிய இடத்தை மட்டும் மாற்றட்டும். மரத்திலிருந்து முழு ஃபைலையும் மறுபடி எழுதினால் கடைக்காரரின் கமென்ட்கள் காணாமல் போகும், அடுத்த முறை கருவியைத் தொட மாட்டார்.

தை, ஆவணி முகூர்த்தங்களை ஒட்டி வெளியிடாதீர்கள். வெளியிட்ட பிறகும் ஒரு வாரம் பழைய, புதிய இன்டர்ப்ரெட்டர் இரண்டையும் ஒரே பில்லுக்கு ஓட்டுங்கள். பட்டுவாடா பழைய விடைப்படியே நடக்கட்டும். வித்தியாசம் வந்த பில்களின் ஸ்கிரிப்ட் வரி மட்டும் உங்களுக்கு வந்து சேரட்டும்.