கொய்யாவுக்கும் மாவுக்கும் ஒரே கவாத்து ஆகாது

கிளையை வெட்டினால் மரம் நலிந்துவிடுமோ என்று, சமூகத் தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அஞ்சுவதுண்டு. கவாத்து வளர்ச்சியை நிறுத்துவதில்லை. அதன் போக்கை மாற்றுகிறது. கிளை நுனியிலுள்ள குருத்து ஆக்சின் என்னும் ஊக்கியைக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கும் வரை அடியிலுள்ள கணுமொட்டுகள் அடங்கிக் கிடக்கும். நுனியைக் கிள்ளியதும் அவை விழித்துக்கொள்ளும்.

இதைக் கண்ணால் காணக் கொய்யாவைப் போல் எளிய மரம் வேறில்லை. அதன் இலைகள் எதிரெதிராக அமைந்திருப்பதால், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் பெரும்பாலும் இருபுறமும் துளிர்க்கும். இலைக்காம்பின் அடியில் அரிசி முனையளவு தலைகாட்டும் துளிர் நீண்டு வரும்போது, அதன் முதல் சில இலைகளின் கக்கத்தில் உருண்டையான பச்சைப் பூமொட்டுகள் அமர்ந்திருக்கும். புதுத்துளிரில்தான் கொய்யா காய்க்கும்; ஆகவே அறுவடை முடிந்த கிளைகளின் நுனியை ஒரு சாண் அளவுக்குக் குறைப்பது அடுத்த காய்ப்புக்கு வழிசெய்வதாகும். தொட்டியில் வளர்ப்பவர்கள் இதைத் தயங்காமல் செய்யலாம்.

மா அப்படியன்று. முற்றி ஓய்ந்திருக்கும் கிளையின் நுனியில்தான் அது பூக்கும். ஒரு டிசம்பரில், மழையில் தழைத்து நின்ற மாமரத்தை அழகுபடுத்துவதாக எண்ணி எல்லா நுனிகளையும் வெட்டிவிட்டேன். பிப்ரவரியின் வறண்ட நாள்களில் அக்கம்பக்கத்து மரங்கள் பூத்திருக்க, என் மரத்தில் செந்தளிர்கள் மட்டுமே இருந்தன. அந்தப் பருவத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை. மாவைக் காய் பறித்த உடனே வெட்டுங்கள். புதுத்தளிர் முற்றுவதற்குப் பல மாதங்கள் தேவை.

குளிர்நாட்டுக் கையேடுகள் இலையுதிர்ந்த பின் வெட்டச் சொல்லும். சிங்கப்பூரில் மரங்களுக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எனவே நாள்காட்டியைவிட மரத்தின் காய்ப்பையும் வானத்தையும் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். வெட்டுவாய் உலர்வதற்கு மழையில்லாத காலை நேரம் நல்லது. ஈரத்தில் பூஞ்சை எளிதில் தொற்றும்.

முதலில் காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகியவற்றை எடுங்கள். தடித்த கிளையாயின், அதன் கீழ்ப்புறத்தில் சிறிது அறுத்துவிட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிய பிறகே, கிளை தண்டோடு சேரும் புடைப்பை ஒட்டி, அந்தப் புடைப்பைக் காயப்படுத்தாமல் இறுதியாக வெட்ட வேண்டும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. மரத்துக்கு மரம் கத்தரியை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடையுங்கள். பொது இடத்து மரங்களைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வெட்டக் கூடாது.

ஒரே முறையில் தழையில் கால் பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். மீறினால் மரம் இழந்த இலைகளை ஈடுகட்ட, நீர்ப்போத்துகள் எனப்படும் செங்குத்தான துளிர்களைச் சரமாரியாக விடும்; அவை உணவை உறிஞ்சுமே தவிர எளிதில் காய்க்கா. ஒட்டு எலுமிச்சையில், ஒட்டிய இடத்துக்குக் கீழே அடிமரத்திலிருந்து முளைப்பவற்றை உடனே கிள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள்: வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்த்தவற்றுள் வெளிப்புறம் நோக்கிய இரண்டை விட்டு, மற்றவற்றை இளசாக இருக்கும்போதே விரலால் ஒடித்துவிடலாம்.