கார் சாவியை வெளியே செய்யும்போது காசு வீணாகும் இடங்கள்

கையில் பிடிக்கும்போது ஒரு சாவிதான். உள்ளே மூன்று சாமான் இருக்கிறது. பூட்டில் நுழைந்து திரும்பும் பிளேடு ஒன்று. இன்ஜினைக் கிளம்ப விடலாமா என்று வண்டிக்கு அடையாளம் சொல்லும் இம்மொபிலைசர் சிப் இன்னொன்று. கதவைப் பூட்டித் திறக்கும் ரிமோட் மூன்றாவது. ரிமோட் செத்தாலும் வண்டி ஓடும். சிப் போனால் கதவு திறக்கும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. ஷோரூமில் இவை மூன்றும் சேர்ந்த முழுச் சாவியைத்தான் பெரும்பாலும் விற்பார்கள். ஒரு சாவி தொலைந்ததற்கு லாக் செட்டையே மாற்றச் சொல்லும் இடங்களும் உண்டு. வெளியே சாவி செய்பவரிடம் போவதன் லாபமே, எது போனதோ அதற்கு மட்டும் காசு கொடுக்கலாம் என்பதுதான். எது போனது என்று நமக்கே தெரியாவிட்டால் அந்த லாபம் கடை வாசலிலேயே கரைந்துவிடும்.

எது கெட்டது என்று பார்க்காமல் கிளம்புவது

பட்டனை அமுக்கினால் கதவு திறக்கவில்லை, ஆனால் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புகிறது என்றால் சிப் நன்றாக இருக்கிறது. முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சிஆர்2032 இருக்கும். சிலவற்றில் சிஆர்2016 அல்லது சிஆர்1620. எண் பேட்டரியின் முதுகிலேயே பொறித்திருக்கும். 2016, 2032 இரண்டுக்குமே விட்டம் 20 மி.மீ.; கனம் மட்டும் 1.6, 3.2 என்று மாறும். 2032 இடத்தில் 2016-ஐப் போட்டால் தகடு சரியாகத் தொடாது. புது பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லையே, ரிமோட்டே போய்விட்டது போல என்று அடுத்த செலவுக்குத் தயாராகிவிடுவோம்.

சாதாரணச் சாவியில் இருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது சிப்பை எழுப்பி அடையாளம் கேட்கும். பதில் ஒத்துவராவிட்டால் டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னும். இன்ஜின் பிடிக்காது, அல்லது பிடித்து ஓரிரு விநாடியில் அணைந்துவிடும். ஸ்டார்ட்டரே சுற்றவில்லை, ஹெட்லைட்டும் மங்கல் என்றால் அது கார் பேட்டரிக் கோளாறு, சாவிக்காரர் தேவையில்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ஸ்மார்ட் கீயின் பேட்டரி தீர்ந்துவிட்டால், பெரும்பாலான மாடல்களில் கீயை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் கிளம்பும். சிலவற்றில் கீயை வைக்கத் தனி இடம் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருப்பார்கள்.

பழைய வண்டியில் சிப் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், சமையலறை அலுமினியத் தாளைச் சாவியின் தலைப்பகுதியில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிளேடில் தாள் படக் கூடாது. கிளம்பவில்லை என்றால் சிப் இருக்கிறது. பழைய மாருதி 800, ஆம்னி மாதிரி சிப் இல்லாத வண்டிகளுக்குத் தெருமுனைச் சாவிக்கடையே போதும்.

பழைய ஓட்டோடு சிப்பையும் வீசிவிடுவது

பட்டன் ரப்பர் கிழிந்துவிட்டது, ஃபிளிப் கீயின் கழுத்து உடைந்துவிட்டது என்றால் தேவைப்படுவது வெறும் பிளாஸ்டிக் ஓடு. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஓட்டை வாங்கி, ரிமோட் போர்டை மட்டும் புதியதில் மாற்றிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கதவு ஜோராகத் திறக்கிறது, வண்டி கிளம்ப மறுக்கிறது. காரணம், பல சாவிகளில் சிப் போர்டில் இல்லை. ஓட்டின் மூலையில் ஒரு சின்னக் குழிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும். சுமார் 12 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் ஒரு கறுப்புத் துண்டு. அதில் கம்பியும் இருக்காது, எழுத்தும் இருக்காது. பிளாஸ்டிக் பிசிறு என்றுதான் தோன்றும். சிலவற்றில் சிறு கண்ணாடிக் குழாயாக இருக்கும், தட்டி எடுக்கப் போனால் உடைந்துவிடும். புதிய சாவிகள் சிலவற்றில் போர்டிலேயே சேர்ந்து வருவதும் உண்டு. எதுவானாலும் வண்டி புது ஓட்டில் நான்கைந்து முறை கிளம்பிய பிறகுதான் பழைய ஓட்டை வீச வேண்டும்.

சிப்பை எடுக்க ஓட்டை அடுப்பில் காட்டாதீர்கள். குழியின் பிளாஸ்டிக்கைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினால் வந்துவிடும். புது ஓட்டில் அது ஆடினால் செல்லோ டேப் போதும். பழைய பிளேடையே புது ஓட்டுக்கு மாற்றலாம். அதைப் பிடித்திருப்பது ஒரு சிறு ரோல் பின். மெல்லிய பஞ்ச் வைத்துத் தட்டினால் கழன்றுவரும், புதிதாக வெட்டும் கூலி மிச்சம். ஃபிளிப் கீயை மூடுவதற்கு முன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை ஒரு சுற்று முறுக்கிவிட்டு உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டனை அமுக்கினாலும் பிளேடு துள்ளி வராது, விரலால் இழுக்க வேண்டியிருக்கும்.

கடைசிச் சாவியும் போகும் வரை காத்திருப்பது

செலவைப் பல மடங்கு ஏற்றுவது இதுதான். ஓடும் சாவி ஒன்று கையில் இருந்தால் வேலை மூன்றே படி: பிளேடு வெட்டுவது, சிப்பின் வகையைப் படிப்பது, வண்டியின் கணினியோடு பேசும் ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் சொருகிப் புது சிப்பைப் பதிவது. எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் கதவைத் திறப்பதே முதல் வேலை. பிறகு லிஷி போன்ற கருவியைப் பூட்டுக்குள் விட்டு வெட்டு அளவைப் படிக்க வேண்டும். புதுச் சாவியைப் பதிய வண்டி கேட்கும் ரகசிய எண்ணான பின் கோடு வேண்டும். ஹூண்டாயில் இது ஆறு இலக்கம். சில மாடல்களில் இம்மொபிலைசர் பெட்டியைக் கழற்றி மெமரியைப் படித்தால்தான் வழி பிறக்கும். ஒவ்வொரு படிக்கும் தனிக் கூலி, அதுவும் வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து செய்யும் கூலி. அப்படியே ஆனாலும் வண்டியை டோ செய்து ஷோரூமுக்கு இழுத்துப் போவதற்கு முன் இடத்துக்கு வரும் ஆளை விசாரியுங்கள். டோ வாடகையாவது மிஞ்சும்.

வண்டி வாங்கியபோது சாவிக்கொத்தோடு வந்த சின்னத் தகட்டில் ஒரு சாவி எண் இருக்கும். அதை இப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் பூட்டைத் தொடாமலே பிளேடை வெட்டிவிடலாம். யூஸ்டு கார் வாங்குபவர்கள் ஆர்.சி. புக்கைக் கேட்கிற மும்முரத்தில் இந்தத் தகட்டையும் இரண்டாவது சாவியையும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்குவது

வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கும். ஒரே மாடலிலேயே வருடம் மாறினால் ஐடி46 சிப் ஐடி47 ஆகியிருக்கலாம். இந்திய வண்டிகளின் ரிமோட் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், வெளிநாட்டுச் சந்தைக்கான 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் அதே உருவில் விற்கிறது, அது நம் வண்டியோடு பேசவே பேசாது. ஆகவே இருக்கிற சாவியை முதலில் கடையில் படிக்கச் சொல்லி, சிப் வகையையும் அலைவரிசையையும் எழுதி வாங்குங்கள். இரண்டு நிமிட வேலை. பழைய ஸ்மார்ட் கீயை மலிவாக வாங்குவதும் பொறிதான். ஒரு வண்டியில் பதிந்த கீ, வேறு வண்டியில் பதிய முடியாதபடி பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும். திறந்து புதிதாக்கும் கருவி இருக்கிறவர் கிடைத்தால்தான் அது சாவி.

சாவி செய்பவர்கள் பலர் கீடிஐஒய், எக்ஸ்ஹார்ஸ் போன்ற பொது ரிமோட்களை வைத்திருப்பார்கள். கருவியால் எழுதிப் பல மாடல்களுக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஒரிஜினலைவிட மலிவு. கீடிஐஒய்யில் பி வரிசை ரிமோட்டில் சிப் கிடையாது, என்பி வரிசையில் உண்டு. எது போடுகிறார் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். உங்கள் காரில் ரிமோட்டே கம்பெனி கொடுத்தது இல்லை, பின்னால் கடையில் மாட்டிய சென்ட்ரல் லாக் என்றால், சாவிக்கு வெறும் சிப்பும் பிளேடும் போதும். ரிமோட்டை அந்த லாக் கிட் விற்ற கடையில் தனியாகப் பாருங்கள்.

தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டுவது

பத்து வருடம் ஓடிய சாவியின் பள்ளங்கள் மழுங்கியிருக்கும். அதைத் தடவி நகலெடுக்கும் மெஷின் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டும். முதல் மாதம் திரும்பும், பிறகு டிக்கியில் சிக்கும், ஒருநாள் இக்னிஷனில் முறியும். சாவி எண்ணை வைத்தோ, பள்ளங்களின் அளவைக் கணினியில் படித்து அருகிலுள்ள சரியான அளவுக்குத் திருத்தியோ வெட்டச் சொல்லுங்கள். அதிகம் புழங்காத இரண்டாவது சாவி வீட்டில் இருந்தால் நகலுக்கு அதையே கொடுங்கள். பக்கவாட்டில் பள்ளம் ஓடும் சாவிகளுக்கு அதற்கான மெஷின் வேண்டும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் எச்யூ66, ஹோண்டாவின் ஹான்66 எல்லாம் இந்த ரகம். அரத்தால் சரி செய்து தருகிறேன் என்றால் வேறு கடை பாருங்கள். வெட்டியதும் ஓட்டுநர் கதவு, டிக்கி, இக்னிஷனின் எல்லா நிலைகளிலும் திருப்பிப் பார்த்த பிறகே சிப் வேலைக்கு ஒத்துக்கொள்ளுங்கள். சிப் பதிந்த பிறகு பிளேடு சரியில்லை என்றால் சண்டைதான் மிச்சம்.

குளோனிங்கும் பதிவும் ஒன்று என்று நினைப்பது

குளோன் என்றால் பழைய சிப்பின் அடையாளத்தை அப்படியே புதியதில் எழுதுவது. வண்டிக்கு அது பழைய சாவியேதான். விலை குறைவு, வண்டியின் கணினியைத் தொட வேண்டாம். ஆனால் நாளைக்கு அந்த நகல் தொலைந்தால், அதை மட்டும் தனியாக அழிக்க முடியாது. பதிவு செய்தால் வண்டியின் பட்டியலில் புதுச் சாவி தனி ஆளாகச் சேரும். வீட்டில் எங்கோ கிடக்கும் சாவிக்கு நகல் என்றால் குளோன் போதும். சாவி வெளியே தொலைந்திருந்தால் பதிவுதான் சரி, கூடவே தொலைந்ததை அழிக்கவும் சொல்ல வேண்டும். அழிக்கும்போது கையில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் ஒரே தடவையில் கொண்டுபோக வேண்டும். பட்டியலைத் துடைத்துவிட்டுத்தான் கருவி மறுபடி ஏற்றும். வீட்டில் விட்டுவந்த சாவி அன்றோடு செல்லாது. அழித்த பிறகும் தொலைந்த பிளேடு கதவைத் திறக்கும் என்பதால் லேப்டாப்பை உள்ளே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கருவியில் ‘பதிந்த சாவிகள்’ எண்ணிக்கை காட்டும் மாடல் என்றால், வேலைக்கு முன்னும் பின்னும் திரையைப் பாருங்கள். உங்களிடம் இரண்டு சாவி, திரையில் மூன்று என்றால் ஏன் என்று கேளுங்கள்.

பதிவுக்கு முன் கார் பேட்டரி 12.5 வோல்ட்டாவது இருக்கட்டும். ஏசி, பாட்டு, விளக்கு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பாதியில் மின்சாரம் தொய்ந்தால் இம்மொபிலைசர் நினைவு குழம்பி, ஓடிய சாவியும் ஓடாமல் போகலாம். பல நாள் நின்ற வண்டி என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள்.

இனி ஒரு ஆலோசனையை மட்டும் எந்த விலைக்கும் ஏற்காதீர்கள். வேலை செய்யும் சிப்பை எடுத்து இக்னிஷன் சுருளுக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டிவிட்டு, “சார், இனி எந்தச் சாதாரணச் சாவியிலும் ஓடும், செலவே இல்லை” என்பார்கள். ஓடும்தான். திருடனுக்கும் அதே வசதி.

காப்பீட்டை மறந்துவிடுவது

பாலிசியில் சாவி மாற்றும் ஆட்-ஆன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சாவியைச் செய்துவிட்டுப் பில்லை நீட்டாமல், செய்வதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். காவல் நிலையப் புகார் ரசீது கேட்கலாம். ஆட்-ஆன் இல்லாவிட்டாலும் தொலைந்த சாவிக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பது நல்லது. பின்னால் வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது வண்டியோடு வந்த எல்லாச் சாவிகளையும்தான்; ஒன்று குறைந்தால் விளக்கம் கேட்டு இழுத்தடிப்பார்கள். உடைந்த ஒரிஜினல் சாவியையும் அதனால் எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். நகல் செய்த பில்லில் தேதி, வண்டி எண், தொலைந்த சாவியின் பதிவு அழிக்கப்பட்டது என்ற ஒரு வரி, மூன்றும் இருக்கட்டும். ஆர்.சி. புக்கும் அடையாள அட்டையும் கேட்காமலே சாவி செய்து தருகிறவரிடம் இந்தப் பில்லும் கிடைக்காது.