எஞ்சின் அடித்தட்டு படபடத்தது: என் அனுபவம்

என் கார் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சத்தம். சிங்கப்பூரின் பான் தீவு விரைவுச்சாலையில் படபடவென அடிக்கும், குடியிருப்புப் பேட்டைக்குள் ஒன்றுமில்லை. டயர், வீல் பேரிங் என்று தேடி நான்கு நாள் வீண். கடைசியில் பார்த்தால், எஞ்சினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டில் முன்பக்கக் கிளிப் இரண்டைக் காணோம்.

பிளாஸ்டிக் கேபிள் டை கட்டினேன். எக்ஸாஸ்ட் குழாய் பக்கம் இருந்தது சூட்டில் இளகி அறுந்தது. புதுக் கிளிப்பும் நிற்கவில்லை, துளையே கிழிந்து அகன்றிருந்தது.

காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சட்டத்தில் யு-நட் (விளிம்பைக் கவ்விக்கொள்ளும் U வடிவ நட்) செருகி, 30 மில்லிமீட்டர் அகல வாஷருடன் எம்6 (6 மில்லிமீட்டர்) போல்ட் போட்டேன். அதிகம் முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். கவனிக்க வேண்டியது இதுதான்: தட்டின் முன்விளிம்பு பம்பர் உதட்டுக்கு (பம்பரின் கீழ்விளிம்புக்கு) மேலே செருகியிருக்க வேண்டும். என் காரில் கீழே தொங்கியது. காற்று அள்ளிக்கொண்டு புகுந்து தட்டை இழுத்திருக்கிறது. விளிம்பை மேலே ஏற்றியதும் சத்தம் நின்றது. அப்பாடா!